நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு வயிறு

மூன்று டாக்டர்கள், இரண்டு ஸ்கேன், ஒரு நீளக் குழாய். இத்தனையும் சேர்ந்து என் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வார்த்தை: நார்மல். அந்த வார்த்தையை இப்போது யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயிறு நார்மல் என்றால், காலையில் பல் தேய்த்து முடிப்பதற்குள் மூன்று தடவை கக்கூசுக்கு ஓடுகிறவன் யார்? கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கத்தில் கழிவறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்கிறவன் யார்?

இந்த வியாதி உயிரை எடுக்காது, மானத்தைத்தான் எடுக்கும். அதனால் யாரும் வெளியே சொல்வதில்லை. சர்க்கரை வந்தவன் டீக்கடையில் நின்று அளவு எவ்வளவு என்று பெருமையாகச் சொல்கிறான். நெஞ்சில் ஆபரேஷன் செய்தவன் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டுகிறான். வயிறு சரியில்லாதவன் மட்டும் "இந்தா வந்துட்டேன்" என்று நழுவுகிறான். நானும் மூன்று வருஷம் நழுவினேன். அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

நான் தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேன் ஓட்டுகிறேன். கப்பல் ஓரத்தில் நான்கு கால் ஊன்றி நிற்குமே, அந்த ராட்சதக் கிரேன். அதில் நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே இருக்கும் கண்ணாடித் தரை வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே, கப்பலிலிருந்து பெட்டியைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். பெட்டி போகிற பக்கமெல்லாம் கூண்டும் கூடவே போகும். இறங்க வேண்டுமென்றால் பெட்டியை எங்காவது வைத்துவிட்டு, கூண்டைக் கரைப்பக்கத்து மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மேடையில் நடந்து, லிப்ட் பிடித்து, கீழே இறங்கி, அப்புறம் கழிவறை இருக்கிற கட்டடத்துக்குப் போக வேண்டும். அதுவும் லிப்ட் ஓடினால்தான், இல்லாவிட்டால் படிகள். சிறுநீருக்கு ஒவ்வொரு ஆப்பரேட்டரும் ஒரு பாட்டில் வைத்திருப்போம். மற்றதற்குப் பாட்டில் கிடையாது.

ஒரு ஷிப்டுக்கு ஒரு கிரேனில் இரண்டு ஆப்பரேட்டர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கீழே ஓய்வறையில் இருக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்பது விதி. நாங்கள் எங்களுக்குள் வேறு ஏற்பாடு வைத்திருந்தோம். முதல் நான்கு மணி நேரத்தை ஒருவன் ஒரே இருப்பாக ஓட்டுவான், அடுத்த நான்கு மணி நேரத்தை மற்றவன். பாதி ஷிப்ட் என்று சொல்வோம். ஓட்டாத பாதியில் ஆள் துறைமுகத்துக்குள்ளேயே இருக்க மாட்டான். கேட்டை எப்படித் தாண்டுவோம் என்பதை நான் எழுதப் போவதில்லை. எல்லாக் கிரேனிலும் இதுதான் நடந்தது. போர்மேன் தங்கராஜ் அண்ணாச்சிக்கும் தெரியும்; தெரியாத மாதிரி இருப்பார்.

என் ஜோடி மிக்கேல். கடற்கரையில் படகு வைத்திருக்கும் குடும்பம். அவனுக்குத் திரேஸ்புரத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் கடை ஒன்று உண்டு. அவன் ஓட்டாத பாதி அங்கேதான் கழியும். நான் ஓட்டாத பாதியில் வீட்டில் தூங்குவேன். பதினொரு வருஷமாக ஒருவன் மேலே இருக்கும்போது கீழே இருக்க வேண்டியவன் இல்லாமலே எங்கள் கிரேன் ஓடியது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை, என் வயிறு கெடுகிற வரைக்கும்.

தொடக்கம் ஒரு விருந்து. மாப்பிள்ளையூரணியில் புதுவீடு பால் காய்ச்சிய வீட்டில் சாப்பிட்டுவிட்டு நாலு நாள் காய்ச்சலோடு வயிற்றால் போனது. மற்றவர்களுக்கும் போனது, அவர்களுக்கெல்லாம் சரியாகிவிட்டது. எனக்கு மட்டும் காய்ச்சல் நின்றும் வயிறு நிற்கவில்லை. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் அடிவயிறு முறுக்கும். உடனே போக வேண்டும். போய்விட்டு வந்தால் நிம்மதியாக இருக்கும், அடுத்த முறுக்கல் வரைக்கும். சில நாட்கள் எதிர்மாறாக, இரண்டு நாள் ஒன்றுமே போகாது. வயிறு மட்டும் உப்பி நிற்கும்.

வயிறு என்று வாயைத் திறந்தால் போதும், தூத்துக்குடியில் ஆளுக்கொரு வைத்தியம். வெந்தயத்தை முழுங்கு என்றார்கள். ஓமத்தண்ணீர் குடி என்றார்கள். குடல் ஏறியிருக்கிறது என்று சொல்லி ஒரு அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா விளக்கெண்ணெய் போட்டு வயிற்றை உருவிய உருவில், இருந்த குடலும் இடம் மாறியிருக்கும். என் மனைவி செல்வி, நார்ச்சத்து நல்லது என்று எங்கேயோ கேட்டுவிட்டு, பனங்கிழங்கு மாவைத் தோசையில் கலந்தாள், கஞ்சியில் கலந்தாள், கேட்டால் ஒன்றும் கலக்கவில்லை என்றாள். அந்த மாதம் என் வயிற்றுக்குள் ஒரு லாரி ஓடியது. சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும், செல்வியிடமும், பொய் சொல்லி அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் இதெல்லாம் சமாளிக்கலாம். கூண்டுக்குள் எப்படிச் சமாளிப்பது? கிரேனை நிறுத்திவிட்டு இறங்கினால், "மூணாம் நம்பர் ஏன் நிக்குது? ஒன் ரிலீப் எங்கவே?" என்று வாக்கி டாக்கியில் கேட்பார்கள். ரிலீப் திரேஸ்புரத்தில் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறான் என்று சொல்ல முடியுமா? என் வயிறு மாட்டினால் மிக்கேல் மாட்டுவான். மிக்கேல் மாட்டினால் அத்தனை ஆப்பரேட்டரும் மாட்டுவார்கள்.

ஆகவே நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. ஷிப்டுக்கு முன்னால் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடுவதில்லை. தண்ணீர்கூட ஒரு மடக்குத்தான். ஏறுவதற்கு முன்னால் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை ஒன்று. இறங்கியதும் அத்தனை பசிக்கும் சேர்த்து எண்ணெயில் பொரித்த புரோட்டா நாலு, சால்னா, மேலே ஒரு டீ. மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் அட்டையை எடுத்து வைத்துவிடுவார். ஒன்று இரண்டானது. இரண்டு மூன்றானது. சம்பளம் வாங்குகிற வேலையை வயிற்றைப் பூட்டித்தான் பார்க்க முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

பூட்டும் ஒருநாள் கைவிட்டது. பகல் ஷிப்ட், காற்று கொஞ்சம் அதிகம். பெட்டி கப்பல் மேல்தளத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தபோது முறுக்கல் வந்தது. சாதாரண முறுக்கல் இல்லை, கண் இருட்டியது. என் வலது கை என்னைக் கேட்காமலே நெம்புகோலை இழுத்துவிட்டது. இருபது டன் பெட்டி சாய்ந்து ஆடி, பக்கத்து அடுக்கில் மோதி நின்றது. அந்தச் சத்தம் நாற்பது மீட்டர் ஏறி வந்து என் காலுக்கடியில் கேட்டது. அடுக்கின் அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்றான், பெட்டிகளைக் கட்டியிருக்கும் கம்பிகளை அவிழ்க்கிறவன். ஆரஞ்சு சட்டை. அவன் அண்ணாந்து பார்த்து, சிரித்து, கையை ஆட்டினான். காற்று என்று நினைத்துக்கொண்டான். நானும் கையை ஆட்டினேன். அன்றைக்குப் பாக்கி நேரம் முழுக்க ஒவ்வொரு பெட்டியையும் பாதி வேகத்தில்தான் இறக்கினேன்.

அன்று சாயங்காலமே யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாத்திரையை நாலாக்கினேன்.

ஐந்தாம் நாள் வயிறு மேளம் போல இறுகிவிட்டது. காற்றுக்கூடப் பிரியவில்லை. குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாக வந்தது. செல்வி என் சட்டைப் பையில் பணம் தேடியபோது காலி அட்டைகள் கொத்தாக வந்தன. கட்டிலில் வரிசையாகப் பரப்பி வைத்தாள்.

"என்னங்க, இத்தனையுமா முழுங்குனிய?"

"வேலைக்குப் போவணும்லா?"

"எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? கெட்ட பழக்கம் எதும் பிடிச்சிட்டோன்னுல்லா நான் பயந்து கெடந்தேன்."

அப்புறம்தான் தெரிந்தது. சாப்பாடு வேண்டாம் என்பதும், குளியலறைக்குள் மணிக்கணக்கில் இருப்பதும், முகம் கொடுத்துப் பேசாததும் பார்த்து, அவள் மூன்று வருஷமாக என்னென்னவோ நினைத்து வைத்திருக்கிறாள். நான் வயிற்றை மறைப்பதாக நினைத்து என்னையே மறைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் முழுக்கக் காத்திருப்புத்தான். டோக்கன் வாங்கக் காத்திருப்பு, டோக்கனைக் கொடுக்கக் காத்திருப்பு. குடல் அடைப்பாக இருக்கலாம் என்றார்கள். மூக்கு வழியாக ஒரு குழாயை வயிற்றுக்குள் விட்டு, தேங்கியதையெல்லாம் வெளியே எடுத்தார்கள். அந்தக் குழாய் தொண்டையைத் தாண்டும்போது "முழுங்குங்க, முழுங்குங்க" என்று சொன்ன நர்ஸை அந்த நிமிஷம் நான் வெறுத்தேன். இரண்டு நாளில் வீக்கம் வடிந்து, வாயு பிரிந்தது. அதைக் கேட்டு வார்டே சந்தோஷப்பட்டது. பக்கத்துக் கட்டில் பெரியவர், "ஆங், வண்டி கெளம்பிட்டு" என்றார். வெட்கப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

வயிற்று ஸ்கேன் பார்த்தார்கள், நார்மல். சி.டி. ஸ்கேனில் அடைப்பு ஒன்றும் இல்லை, மாத்திரையால் குடல் ஓய்ந்துபோயிருந்ததுதான், மற்றபடி நார்மல். ரத்தம், மலம், தைராய்டு எல்லாம் நார்மல். ஒவ்வொரு நார்மலுக்கும் ஒரு பில் வந்தது. புற்றுநோயோ என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த வார்த்தை சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும் என்பீர்கள். முதல் தடவை சந்தோஷமாகத்தான் இருந்தது. நாலாவது தடவை, நான்தான் பொய் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. செல்வியின் அண்ணன் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்து ரிப்போர்ட்டையெல்லாம் புரட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல மாப்ள, எல்லாம் மனசுதான்" என்று சொல்லி எனக்கு வாங்கிவந்த ஆரஞ்சைத் தானே உரித்துத் தின்றார். என் மனசு எப்படி ஒரு நாளைக்கு ஆறு தடவை கழிவறைக்கு ஓடும் என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக, பெருங்குடலுக்குள் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் குடலைச் சுத்தமாக்க ஒரு மருந்துத் தண்ணீரைக் குடித்தே தீர வேண்டும், இரண்டு லிட்டர். உப்பளத்துத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருந்தது. ஒரு லிட்டர் முடிவதற்குள் தொடங்கிவிட்டது. எங்கள் வார்டில் ஆறு கட்டில், ஒரே கழிவறை. நான் ஐந்தாவது தடவை போகும்போது உள்ளே ஆள் இருந்தது. அந்த இரண்டு நிமிஷத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு செல்வி ஒரு காரியம் செய்தாள். வார்டு மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கழிவறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கதவுக் கைப்பிடியில் என் துண்டைப் போட்டு வைத்தாள். ஒரு ஆள் வாளியோடு வந்து நின்றார்.

"யம்மா, இது என்ன பஸ்ஸா, துண்டு போட்டு எடம் பிடிக்கதுக்கு?"

"பஸ்ஸுன்னா அவுக நின்னுக்கிட்டே வருவாக அண்ணாச்சி. இதுக்கு நிக்க முடியாது. மேல் மாடியில ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு, அங்கன போங்க."

அந்த ஆள் போய்விட்டார். அன்று மாலை வரை அவள் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. பிள்ளை பிறந்தபோது நான் லேபர் வார்டுக்கு வெளியே இவ்வளவு நேரம் உட்காரவில்லை.

குழாய்ச் சோதனையும் நார்மல். வயிற்று டாக்டர் ஒரு பெண். சின்ன உருவம், வேகமான பேச்சு. கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வந்த நாளிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய முதல் டாக்டர் அவர்தான்.

"மறுபடியும் நார்மல்னு சொல்லப் போறீங்களா டாக்டர்?" என்றேன்.

"குடல்ல புண் இல்ல, கட்டி இல்ல. ஆனா உங்களுக்கு வியாதி இருக்கு," என்றார்.

உங்களுக்கு வியாதி இருக்கு. வியாதி இருக்கிறது என்று சொன்னதற்காக ஒரு டாக்டருக்குக் கை கூப்பியவன் நானாகத்தான் இருப்பேன்.

இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்று அதற்குப் பெயர். எரிச்சல் கொண்ட குடல். எரிச்சல் குடலுக்கு மட்டும்தானா என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். குடல் என்கிற இயந்திரத்தில் பழுது இல்லை. மூளைக்கும் குடலுக்கும் நடுவே ஓடுகிற வாக்கி டாக்கிதான் சரியில்லை. மற்றவர்கள் குடல் சாதாரணமாக எடுத்துக்கொள்கிற சோறும் காற்றும் என் குடலுக்கு வலியாகக் கேட்கிறது. அது பதறிப்போய்ச் சில நேரம் விரட்டி வேலை பார்க்கிறது, சில நேரம் வேலைநிறுத்தம் செய்கிறது. ஒரு தடவை மோசமான வயிற்றுப்போக்கு வந்துபோன பிறகு சிலருக்கு இப்படித் தொடங்குமாம். பயமும் கவலையும் அதை முடுக்கிவிடும். ஆனால் அதற்காக எல்லாம் மனசு என்று அர்த்தம் இல்லை. புற்றுநோயாக மாறாது. முழுசாகப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் அடக்கி வைக்கலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, இவை வந்தால் மட்டும் உடனே வர வேண்டும்.

"பட்டினி கெடந்து மாத்திரை போட்டதுதான் உங்கள இங்க கொண்டுவந்தது," என்றார். "அந்த மாத்திரை அளவு மீறினா இதயத் துடிப்பையே கெடுக்கும். தெரியுமா?"

தெரியாது. மருந்துக்கடைக்காரருக்கும் தெரியாது போல.

வீட்டுக்கு விடுகிற நாள் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தவன் மறுபடியும் கிரேனில் ஏற வேண்டுமென்றால், என்ன வியாதி, ஓட்டலாமா என்று டாக்டர் கடிதம் கொடுக்க வேண்டும். செல்வியை மருந்து வாங்க அனுப்பிவிட்டு டாக்டரிடம் கேட்டேன்.

"ஃபுட் பாய்சன்னு மட்டும் எழுதிக் கொடுத்திருங்க டாக்டர். இத எழுதுனா என்னைக் கிரேன விட்டு எறக்கிருவாங்க."

"நீங்க மேல இருக்கும்போது கீழ ஆள் நிப்பாங்களா?"

"நிப்பாங்க."

"இதுவரைக்கும் எதும் ஆகலயே?"

ஆரஞ்சு சட்டைக்காரனைப் பற்றி அதுவரைக்கும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரிடம் சொன்னேன். அவன் சிரித்துக் கையாட்டியதையும் சொன்னேன். டாக்டர் பேனாவைத் திறந்து காகிதத்தை இழுத்துக்கொண்டார்.

"உள்ளதத்தான் எழுதுவேன். ஓட்டலாம்னும் எழுதுறேன். ஆனா கேட்ட உடனே இறங்க விடணும், மாத்து ஆள் பக்கத்துலயே இருக்கணும், இதையும் சேர்த்து எழுதுறேன். கொடுக்கிறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம்."

மாற்று ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இந்த ஒரு வரி போதும், பாதி ஷிப்டுக்குச் சமாதி கட்ட.

வீட்டுக்கு வந்த மறுநாள் மிக்கேல் பார்க்க வந்தான். ஊர் வழக்கப்படி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், ரொட்டி. மூன்றில் இரண்டை டாக்டர் வேண்டாம் என்றிருந்தார். கடிதத்தை அவனிடம் காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசித்தான். மறுபடியும் வாசித்தான்.

"இதக் கொண்டு குடுக்கப் போறியா?"

"குடுக்காம எப்படிவே ஏற?"

"வேற டாக்டருட்ட வேற மாதிரி எழுதி வாங்கு. தூத்துக்குடியில டாக்டருக்கா பஞ்சம்?"

"மிக்கேலு, அன்னைக்கி ஒருத்தன் சாவ வேண்டியது."

"செத்தானா? சாகலலா? என் கடை செத்துரும்வே. பதினோரு வருசம் ரெண்டு கையால கட்டுனது. ஒன் வயித்துக்கு நான் என் கடைய மூடணுமா? எனக்கு மட்டுமா, அத்தன பேருக்குமுல்லா மண்ண அள்ளிப் போடுத?"

செல்வி டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவன் சொன்னதில் என்ன தப்பு என்று யோசித்தேன். அவன் கடையும் நிஜம்தான். இப்படி யோசித்து யோசித்து அன்று மட்டும் ஆறு தடவை போனேன்.

மூன்றாம் நாள் கடிதத்தைக் கொடுத்தேன். பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். வேறு டாக்டரிடம் போகலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனவன்தான். அங்கே குப்பை வண்டிக்காரர் ஒருவர் ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அதற்கு மேல் கால் எழும்பவில்லை.

ஆபீசில் கடிதத்தை வாசித்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. இரண்டு ஆப்பரேட்டரும் ஷிப்ட் முழுக்கக் கப்பல்துறையிலேயே இருக்க வேண்டும், நாலு தடவை கையெழுத்துப் போட வேண்டும். என்னைக் கிரேனிலிருந்து இறக்கவில்லை. அதற்கு நான் சந்தோஷப்படக்கூட முடியவில்லை, ஏனென்றால் யாரும் என்னோடு பேசவில்லை. ஓய்வறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். "வயிறு வருது, வழி விடுங்கலே" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். மிக்கேல் சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. அவன் கடையை அவன் தம்பி பார்ப்பதாகத் தங்கராஜ் அண்ணாச்சி சொல்லித்தான் தெரியும். முறை மாறும்போது மேடையில் ஒருவரையொருவர் கடந்து போவோம். சாவியைக் கொடுப்பதுபோல வாக்கி டாக்கியை என் கையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

நடுவே வயிற்றோடு குடித்தனம் நடத்தப் பழகினேன். என்ன சாப்பிட்டேன், எப்போது வயிறு என்ன செய்தது என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார் டாக்டர். அழகாக எழுதிக்கொண்டு போனேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீயே குடிக்க மாட்டீங்களா?" என்றார். டீயை யாராவது சாப்பாடு என்று எழுதுவார்களா? பக்கத்திலிருந்த செல்வி விரல் விட்டு எண்ணினாள். எட்டு. எட்டும் கெட்டிப்பால் டீ. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பால் டீ போனது, இஞ்சி போட்ட கட்டன் டீ இரண்டு மட்டும் மிஞ்சியது. எண்ணெய்ப் புரோட்டாவும் போனது. அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. பட்டினி கூடாது, நேரத்துக்குக் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். பனங்கிழங்கு மாவை நிறுத்திவிட்டு, தண்ணீரில் கலக்கும் இசப்கோல் உமி. முறுக்கலுக்கு ஒரு மாத்திரை, அவர் சொன்ன அளவில்.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் சுபா, அம்மா பிறந்த ஊரான ஸ்ரீவைகுண்டம் போகும் வழியில் இருக்கிற கழிவறைகளையெல்லாம் செல்போன் மேப்பில் குறித்து வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. தண்ணி உண்டு, தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் உண்டு, தண்ணி இல்லை. சாவி பெட்ரோல் பங்க் மாமாவிடம், சிரித்துக் கேட்டால் தருவார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த வழியில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு போனேன். மாமியார் வீட்டில் நின்று இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இவ்வளவு செய்தும் சில நாள் அது வரத்தான் செய்யும். கடிதம் கொடுத்து இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வந்தது. பெரிய கப்பல், மூன்று கிரேனும் ஓடுகின்றன. முறுக்கல் தொடங்கியதுமே தொங்கிய பெட்டியை லாரியில் பத்திரமாக வைத்தேன். கீழே பார்த்தேன், சுற்றிலும் ஆள் இல்லை. அதுவரைக்கும் ஒருநாளும் செய்யாததைச் செய்தேன். வாக்கி டாக்கியை எடுத்தேன். அந்தப் பேச்சைக் கப்பலில் இருக்கிறவன், லாரிக்காரன், மற்ற கிரேன்காரன் எல்லோரும் கேட்பார்கள். பொத்தானில் கட்டைவிரலை வைத்துவிட்டு ஒரு மூச்சு விட்டேன்.

"மூணாம் நம்பர். பெட்டி வச்சாச்சு. எனக்கு வயிறு சரியில்ல. ரிலீப் வேணும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மிக்கேல் கீழே ஓய்வறையிலிருந்து கிளம்பி, லிப்ட் பிடித்து, ஏறி வர வேண்டும். அதுவும் மனசு வைத்தால்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கூண்டை மேடைக்குக் கொண்டுவந்தேன். கதவைத் திறந்தேன்.

மிக்கேல் கதவுக்கு வெளியே நின்றான். மேடையின் நிழலில் கவிழ்த்துப் போட்ட ஒரு வாளி. அதன் முன்னால் ஒரு நட்டுகூடக் கீழே உருண்டுவிடாதபடி நான்கு மூலையும் கட்டிய சாக்கு. அதன் நடுவே பிரித்துப் போட்ட படகு எஞ்சின் சாமான்கள். கையில் இருந்த கிரீஸைக் கழிவு நூலால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீ எப்பவே ஏறுன?" என்றேன்.

"நீ கூண்டுக்குள்ள போனதுமே ஏறியாச்சு. தெனமும் இங்கனதான் இருக்கேன். மாறுத நேரத்துக்கு முன்னால எல்லாத்தையும் சுருட்டி வச்சிருவேன்."

"கீழ ஏசி ரூம் இருக்குல்லா?"

"அங்கன இருந்து நான் ஏறி வார வரைக்கும் நீ தாங்குவியாவே?"

தினமும் என்றான். இரண்டு மாதமாக நான் கடலுக்கும் கரைக்கும் போய்வந்துகொண்டிருந்த நேரமெல்லாம், என்னோடு பேசாத அந்த மனுஷன் என் முதுகுக்குப் பின்னால் வெக்கையில் ஒரு வாளிமேல் உட்கார்ந்திருக்கிறான். கண் கலங்கிவிட்டது.

அவன் என்னைத் தாண்டிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, இருக்கையைத் தன் உயரத்துக்கு இழுத்தான்.

"என்னவே நிக்க? அழணும்னா கீழ போயி அழு. போ, போ, ஒனக்கு நேரமில்ல."

லிப்ட் அன்றைக்கு ஓடியது. கீழே போய் இரண்டு வேலையையும் பார்த்தேன்.